அத்தை அழுத படம்

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அது சினிமாவால்தான் வரும். மற்றபடி மலைமேல் இருக்கும் ஈஸ்வரன் புண்ணியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட எட்டு வீடுகள் உள்ள லைனில் குடியிருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் வேறு வேறு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்புறம் அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையின் மூன்று வயதுப் பையன். இத்தனை பேருக்கும் இரண்டு அறை, ஒரு டிவி.

அத்தைக்குப் பழைய படம் வேண்டும். கதாநாயகி காசநோயில் கிடந்தாலும் கண்மை கலையாமல் கிடக்க வேண்டும். யாராவது சாகும்போது காற்றடித்து விளக்கு அணைய வேண்டும், தலைமாட்டில் உட்கார்ந்து ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி முடிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. அந்த வருஷங்களில் புதுமாதிரிப் படங்கள் வர ஆரம்பித்திருந்தன. சவரம் செய்யாத ஆட்கள் புழுதியில் நடப்பார்கள், வாய்க்குள்ளேயே பேசுவார்கள், கடைசியில் பாட்டில்லாமல் செத்துப்போவார்கள். அதுதான் படம் என்பார் சித்தப்பா. ‘நேச்சுரல்’ என்ற சொல்லை அவர் சாமி பேரைப்போலச் சொல்வார்.

“செத்த வீட்ல யாராச்சும் பாட்டுப் பாடுவாங்களாக்கா?”

“ஏன்டா, ஒப்பாரின்னா என்ன, வாய்ப்பாடா? பாட்டுதானே அது.”

“அது வேற, இது வேற.”

“நம்ம லைன்ல நடக்கறதயே டிக்கெட் எடுத்துப் பாக்கணும்னு உனக்கு என்னடா வேண்டுதலு?”

அம்மா அத்தை பக்கம். அப்பா யார் பக்கமும் இல்லை, செய்தி மட்டும் பார்ப்பார்.

ஒப்பாரிக்கு இவ்வளவு பரிந்து பேசும் அத்தை, மாமா போனபோது அழவில்லை. மாமாவுக்குப் பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை. கல் சரிந்து விழுந்தது. அத்தைக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, பிரேதத்தைப் பார்க்கக் கூடாது, சத்தம் போட்டு அழவும் கூடாது என்று, வண்டி வருவதற்கு முன்பே அவளை நாலு தெரு தள்ளி வேறொரு வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். முகம் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்தது, பால் கொடுக்கிறவள் அழக் கூடாது என்றார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அழவில்லை. குழாயடியில் பெண்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசினார்கள். ‘ஒரு தடவ வாய்விட்டு அழுதுட்டான்னா தேவலாம்’ என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். இதெல்லாம் ஒன்பது வயதில் எனக்கும் தெரியும். ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று தெரிந்த மாதிரி தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் படம் எடுக்க வந்தார்கள். டைரக்டர் மெட்ராஸ்காரர், சின்ன வயது. லைட் போடுகிறவர்கள் பெங்களூரிலிருந்து வந்த கன்னடக்காரர்கள். நிஜமான வீடு, நிஜமான மனிதர்கள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவரை சித்தப்பா டீக்கடையில் பிடித்து எங்கள் லைனுக்குக் கூட்டி வந்தார். குடம் தூக்கி வந்த அத்தையைப் பார்த்ததும் டைரக்டர் நின்றுவிட்டார். புருஷன் செத்துக் கிடக்கிற காட்சி, பெண்டாட்டியாக இந்த அம்மா உட்கார்ந்தால் போதும் என்றார். சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வாசலுக்கே வந்து நாலு பேரோடு பேசாத அத்தை, குடத்தை இறக்காமலே கேட்டாள்.

“செத்தவர் பக்கத்துல உக்காரணுங்களா? தலைமாட்டுலயே?”

“ஆமாம்மா.”

“உக்கார்றேன்.”

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குக்கூட ஒருவன் பிணமாகப் படுக்கக் கூடாது, அதுவும் இவள் போய் அதன் பக்கத்தில் உட்காருவதா என்றார். அத்தை எதிர்த்துப் பேசுகிறவள் கிடையாது. அன்றைக்கு மட்டும் “அண்ணா, நான் உக்காரணும்” என்றாள். இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னாள். கடைசியில் அப்பா, ஆத்தாளைக் கேட்டுவிடலாம் என்றார். மாரியம்மன் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, என்னை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. ஆத்தா சரி என்றுவிட்டாள்.

லைனின் கடைசியில் காலியாக இருந்த வீட்டில் ஷூட்டிங். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்த பெரியவரைப் படுக்க வைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். நான்தான் மகள். அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

டைரக்டர் தரையில் உட்கார்ந்து அத்தையிடம் தன்மையாகச் சொன்னார்.

“நீங்க நடிக்கவே வேணாம்மா. சும்மா அந்தச் சுவத்தப் பாத்துட்டு இருங்க. நெஜமாவே துக்கத்துல இருக்கறவங்களுக்கு அழுக வராது. அதான் நேச்சுரல்.”

அத்தை தலையாட்டினாள். கேமரா ஓடியது. கொஞ்ச நேரம் சுவரைத்தான் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மெதுவாக இறங்கி அந்தப் பெரியவர் முகத்துக்கு வந்தது. கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டாள். தலை முடி அவிழ்ந்தது. எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

“பர்கூரு மலையொடைக்கப் போனவரே,
பானையில சோத்த வெச்சுக் காத்திருந்தேன்,
நாலு தெரு தாண்டி என்ன உக்கார வெச்சாங்க,
நடுவாசலில் உங்கள நான் பாக்கலையே…”

மார்பில் அடித்துக்கொண்டாள். ராகம் இழுத்தாள், இடையிடையே மூக்கைச் சிந்தினாள். கதையில் செத்தவர் பஸ் கண்டக்டர். கல்குவாரி எங்கிருந்து வந்தது என்று உதவி டைரக்டர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். வாசலில் இருந்த அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லைட் பிடித்திருந்த கன்னடக்காரர் தாங்க முடியாமல் “சாக்கும்மா, சாக்கு” என்றார். போதும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அம்மா சிவகங்கைக்காரி, கன்னடம் ஒட்டவே இல்லை. சாக்குத்தான் கேட்கிறார்கள் என்று வீட்டுக்கு ஓடி, கேழ்வரகைத் தரையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை உதறிக்கொண்டு வந்து நீட்டினாள். “இந்தாங்க, கீழ விரிச்சு உக்காரட்டும், தரை சில்லுனு இருக்கு.” ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. லைட் ஆடியது. டைரக்டரும் சிரித்துவிட்டார்.

அத்தை மட்டும் நிறுத்தவில்லை. பெரியவர் மார்பில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்போது உதவி டைரக்டர் கத்தினார், “சார், பொணம் அழுவுது.” மூடியிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்கு வழிந்துகொண்டிருந்தது.

ரொம்பப் பழைய படம் மாதிரி இருக்குதும்மா, தப்பா நினைக்காதீங்க என்று டைரக்டர் மரியாதையாகவே சொன்னார். டீக்கடை அக்காவை உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள். அவள் அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். படத்தில் வந்தது அதுதான். ஊரெல்லாம் அதை எதார்த்தம் என்று பாராட்டியது. நான் பத்தாவதோடு நின்றவள், பெரிய ஞானம் கிடையாது. இன்றைக்கும் இரண்டு மாதிரிப் படமும் பார்க்கிறேன். டீக்கடை அக்கா நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள், அதையும் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம், சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி எங்கள் இரண்டு பேரையும் அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். சித்தப்பா மானம் போய்விட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைவிட எனக்குத்தான் அவமானம். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ‘சாக்கு, சாக்கு’ என்று கூப்பிடுவார்கள். ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்த அத்தையிடம் கேட்டேவிட்டேன்.

“ஏன் அத்த பழைய படத்துல வர மாதிரி அழுத? எல்லாரும் சிரிச்சாங்க.”

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள்.

“நல்லா அழுதனா பாப்பா?”

“இல்ல. ஓவர் ஆக்டிங்.”

“சரி விடு” என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். அன்றைக்குக் களியும் கீரைக் கடைசலும். ஒரு உருண்டை முடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள். மூன்றாவது உருண்டையை அப்பாவே எழுந்து வந்து அவள் தட்டில் வைத்தார். அதையும் சாப்பிட்டாள். விரலைக்கூடச் சப்பினாள்.

கிடைத்த வேஷம் போய், ஊர் முன்னால் மானமும் போன ஒருத்திக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வந்தது என்று, கோபத்தோடு அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.