ஒருத்தருக்கு மட்டும் சோறு

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், எங்கள் சந்தில், பேச்சியம்மாள் அத்தைக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. கார்ப்பரேஷனில் தெரு கூட்டி ஓய்வு பெற்றவள். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் விருந்து, எந்த வீட்டில் புருஷன் ஒளித்துக் குடிக்கிறான் என்பதெல்லாம் வாசல் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எனக்கு அத்தை முறை. என் பெயர் ஒச்சப்பன், ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் இரண்டு குடும்பமும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவை. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், மலையாளம் ஓடும்.

முனியாண்டி மாமா செத்து, மகள் ரஜிதாவைப் பள்ளுருத்தியில் கட்டிக்கொடுத்த பிறகு, அத்தை மாடியில் இரண்டு அறை எழுப்பினாள். கப்பல்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். கப்பல்காரர்கள் என்றால் மாலுமிகள் இல்லை. லட்சத்தீவைச் சுற்றிக்காட்டிவிட்டுக் கொச்சிக்கே திரும்பும் உல்லாசக் கப்பலில் போகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். ரயில் தாமதமானால் கப்பல் போய்விடுமே என்ற பயத்தில் முந்தின நாளே வந்து இறங்குவார்கள். திரும்பி வந்த அன்று ரயில் நேரம்வரை போக்கிடம் இல்லாமல் அத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்து, தரை ஆடுகிறது, சுவர் ஆடுகிறது என்று தலையைப் பிடித்துக்கொள்வார்கள். அத்தை கஞ்சியும் உப்புமாங்காயும் கொடுத்துத் தெளியவைப்பாள். ரயிலடியிலிருந்து கூட்டிவருவதும், ஐலண்ட் என்று நாங்கள் சொல்லும் தீவில் இருக்கும் கப்பல்துறையில் விடுவதும், மறுபடி அழைத்து வருவதும் என் வேலை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கப்பலுக்குக் கிளம்புகிறவர்களிடம், திரும்பி வரும் நாளில் என்ன ஆக்கிவைக்க வேண்டும், எத்தனை பேருக்கு என்று கேட்காமல் விடமாட்டாள். தண்ணீர்மேல் போகிறவன் தன் வாயால் ஒரு சோற்றைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அந்தச் சோறு அவனைக் கரைக்கு இழுத்துவரும் என்பாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் பதில் வராது. நாங்களும் அதைக் கிண்டல் செய்வோம். ஆனால் அவள் கேட்காமல் ஒருவரையும் நான் ஆட்டோவில் ஏற்றியதில்லை.

ஆள் முகம் பார்த்து எடைபோடுவதில் அவளுக்குத் தனி கர்வம். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, இவன் கண் சரியில்லை என்றாள். அவர்கள் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் அவனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அதன் பிறகு அத்தை சொன்னால் சந்தில் அப்பீல் கிடையாது.

போன தை மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பெரியவர் பிச்சைமணி, எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியோடு விந்தி நடப்பவர். மகன் ரமேஷ்பாபு, நாற்பது இருக்கும். பெரியவர் வந்ததும் வராததுமாக அத்தையிடம் தன் கதையெல்லாம் சொல்லிவிட்டார். ஆயுசில் கப்பலைப் பார்த்ததே கிடையாதாம். மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தானாம். ஏதோ ஒரு விபத்துக்குப் பிறகு ஓட்டுவதில்லையாம், ஒரு வருஷமாக வீட்டில்தானாம். வேனை விற்ற பணத்தில்தான் இந்தக் கப்பல் யாத்திரையாம். வீடு மட்டும் இன்னும் தன் பெயரில் இருக்கிறது என்றார். அத்தைக்கு விபத்து காதில் ஏறவில்லை. வேலையில்லாத மகன், அப்பா பெயரில் வீடு, இந்த இரண்டும் ஏறிவிட்டன.

அன்று முழுக்க அவள் கண் அந்த மகன்மேல்தான். அவன் அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தான். படியில் உட்காரவைத்துக் கால் நகம் வெட்டிவிட்டான். மிளகு, ஏலக்காய்க் கடைகளைக் காட்டிக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். தான் மட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் அதைப் பார்த்து, நல்ல பிள்ளை என்றேன். அத்தை என்னை முறைத்தாள்.

"வெட்டப்போற கிடாவுக்குத்தாண்டா மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க."

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவள், அவன் போனில் தங்கையிடம் பேசியதைக் கேட்டிருக்கிறாள். இந்தக் கப்பலோடு எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் வீட்டை என்ன செய்வதென்று நீயே பார்த்துக்கொள் என்றானாம். கீழே ஓடிவந்து என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன். அவள் சொல்லி நான் நம்பாமல் இருந்ததில்லை.

மறுநாள் காலை கிளம்பும் நேரம். பெரியவர் குளித்துக்கொண்டிருந்தார். அத்தை வழக்கம்போல் மகனிடம் கேட்டாள், திரும்பி வரும் அன்றைக்கு என்ன ஆக்கட்டும், ரெண்டு பேருக்குத்தானே என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தருக்கு மட்டும் போதும்மா. சோறு கொஞ்சம் குழைவா இருக்கட்டும்."

இன்னொருவர் எங்கே போவார் என்று அவள் கேட்கவில்லை. எங்கேயும் இறக்கிவிடாத கப்பல் அது. இங்கே ஏறினால் இங்கேதான் இறங்கவேண்டும். அவன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு என் ஆட்டோவுக்கு வந்துவிட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருக்கையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே அத்தை பெரியவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். சாயா கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்து, கேட்டதை எல்லாம் சொல்லிவிட்டாள். அவர் முதலில் சிரித்தாராம். ஒருத்தருக்கு மட்டும் சோறு என்றதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அய்யா, இருட்டினதுக்கு அப்புறம் மேல்தட்டுக்குப் போகாதீங்க. மகன் கூப்பிட்டாலும் போகாதீங்க. கதவைப் போட்டுக்கிட்டு இருங்க."

வாசலுக்கு வந்தவர் நேற்று வந்த ஆளாகவே இல்லை. ஆட்டோவில் ஏற மகன் கை கொடுத்தான். அவர் அந்தக் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினார். தோப்பும்படிப் பாலம் ஏறியபோது தூரத்தில் கப்பல் தெரிந்தது, வரிசை வரிசையாக ஜன்னல்களோடு. மகன் காட்டினான். பெரியவர் பார்க்கவில்லை.

கப்பல் போன பிறகு அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியவருக்குப் போன் போட்டால் லைன் போகவில்லை, கடலில் சிக்னல் எங்கே இருக்கும். போலீசிடம் சொல்லலாமா என்று கேட்டாள். என்னவென்று சொல்வது, சோற்றுக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றேன். சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டது. பெண்கள் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அத்தை எங்கள் ஊர்ச் சாமி ஒச்சாண்டம்மனுக்குக் காசு முடிந்துவைத்தாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். ராத்திரி தூக்கம் கிடையாது. பெரியவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடு, அது போதும் என்று சாமியிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

கப்பல் வரும் நாளில் இரண்டு பேருக்கு ஆக்கினாள். ஒருத்தருக்கு ஆக்க மனசு வரவில்லை என்றாள்.

நான் கப்பல்துறை வாசலில் நின்றேன். கூட்டம் வந்தது, தொப்பியும் கூச்சலும் போட்டோவுமாக. கூட்டம் கரைந்தது. கடைசியில் பெரியவர் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, அதை மறைக்க மாட்டேன். அத்தை ஜெயித்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், இரண்டு பெட்டிகளையும் ஒரு போலீஸ்காரர் தூக்கிவந்தார்.

அந்தப் போலீஸ்காரர்தான் மலையாளத்தில் என்னிடம் சொன்னார். மகன் கடலில் விழுந்துவிட்டான். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மேல்தட்டுக் கைப்பிடிக் கம்பிமேல் அவனாகத்தான் ஏறியிருக்கிறான், பக்கத்தில் யாரும் இல்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வேன் விபத்தில் ஒரு குழந்தை செத்ததாம். தப்பு இவனுடையது இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டதாம். ஆனாலும் அதிலிருந்து அவன் சரியாகவே இல்லை என்று தங்கை போனில் அழுதாளாம். அவள் வந்து சேரும்வரை பெரியவரைத் தெரிந்தவர் வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தேன். சந்துக்குள் திரும்பியதும் அத்தை ஓடிவந்தாள். அவரைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், என் மகராசி அம்மன் காப்பாத்திட்டா, அந்தப் பாவி எங்கே என்று கேட்டுவிட்டாள்.

பெரியவர் படியில் உட்கார்ந்தார். தரையை இரண்டு கைகளாலும் ஊன்றிக்கொண்டார். பிறகு அத்தையைப் பார்த்து, கோபம் ஒன்றும் இல்லாமல், ஏதோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீங்க சொன்னபடிதான் இருந்தேன், தாயி. மேல வாங்கப்பா, உக்காந்து பேசுவோம்னு கூப்பிட்டான். நான் ரூமுக்குள்ள போயி தாப்பாள் போட்டுக்கிட்டேன். ரொம்ப நேரம் கதவைத் தட்டினான். திறங்கப்பா, தனியா இருக்கப் பயமா இருக்குன்னான். எனக்கும் பயமா இருந்துச்சு, திறக்கல."