விறாந்தையில் எடுத்த வாக்குமூலம்

1. முதல் நாள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். உம்மா, வாப்பா இருவருக்கும் காது கேட்காது. எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டது. அந்த ஒரு தகுதியை நம்பித்தான் பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லி யாரையாவது மறியலில் அடைக்க வைத்துவிடுவேனோ என்று அன்று விடிந்ததிலிருந்து பயம்.

ஜுனைதீன் என்ற காது கேளாத மீனவர் களப்பில் பிணமாகக் கிடந்தார். தலையில் காயம் இருந்தது. தோணியில் அடிபட்டு விழுந்திருக்கலாம் என்றது பொலிஸ். ஊரோ, அவராகவே விழுந்து உயிரை விட்டார் என்றது. எங்கள் ஆட்களிடையே அது மௌத்துக்குப் பிறகும் தீராத பழி. அவருடைய மனைவி பரீதாவுக்கும் காது கேட்காது. "அவர் அப்படிச் செய்யவில்லை என்று யாராவது சொல்லட்டும்." அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஜுனைதீன் இறந்த காலையில் களப்பின் மறுகரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் அலியார் காக்கா. அவரும் கேளாதவர்தான். அவரை விசாரிக்க வேண்டும். உள்ளே அறை இருட்டாக இருந்ததால், கை தெரியட்டும் என்று நானே நாற்காலிகளை விறாந்தைக்கு இழுத்துப் போட்டேன்.

நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இது ரகசியமான விசயம். மெல்லமாக் கேளுங்க."

முற்றத்து வேம்பின் கீழ் பரீதாவுக்குத் துணையாகப் பத்துப் பன்னிரண்டு கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜுனைதீனின் கூட்டாளி ஹனீபாவும் அதில் இருந்தார். அவர்தான் ஓடியோடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அலியார் காக்கா முற்றத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஒன்றும் காணவில்லை" என்று கையை விரித்தார்.

நான் அதையே சொன்னேன். அதையே எழுதினார்கள். கோப்பை மூடிவிட்டார்கள்.

2. பதினொரு வருஷத்துக்குப் பிறகு

ஒவ்வொரு புது ஓஐசி வரும்போதும் பரீதா மனுக் கொடுப்பாள். நான்காவதாக வந்தவர் அதை வாசித்தார். மறுபடியும் அலியார் காக்காவைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் மொழிபெயர்க்க நான் போனேன்.

இம்முறை அறைக்குள் நல்ல வெளிச்சம். ஆனால் அலியார் காக்காவின் கைகள் மடியை விட்டு எழும்பவில்லை. கண் என் தோளுக்கு மேலால் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது. திரும்பிப் பார்த்தேன். றோட்டுக்கு அந்தப் பக்கத் தேநீர்க்கடையில், எங்களைப் பார்த்தபடி ஹனீபா இருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்கிறவர்களுக்கு ரகசியம் என்றால் மெல்லிய குரல். கேளாதவர்களுக்கு ரகசியம் என்றால் சுவர். கேளாதவர்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அன்று விறாந்தையில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

எழும்பி ஜன்னலை அடைத்தேன். கதவையும் பூட்டினேன்.

அலியார் காக்காவின் கை எழும்பியது. "இப்பதான் உனக்கு மூளை வந்திருக்கு புள்ள. அண்டைக்குப் பள்ளிவாசல் ஸ்பீக்கர என்ட கையில தந்துபோட்டு, ரகசியம் செல்லு எண்டாய்."

அதற்குப் பிறகு கை நிற்கவே இல்லை. தன் தங்கையை ஹனீபாவுக்குத் தர முடியாது என்று ஜுனைதீன் சொல்லியிருக்கிறார். கரையில் அதற்காகச் சண்டை. மறுகரையில் இருந்த அலியார் காக்கா இருவர் சொன்னதையும் சொல் விடாமல் பார்த்திருக்கிறார். கடைசியாக ஜுனைதீன் சொன்னது: "வழிய விடு. வீட்ட போகணும். பரீதா காத்திட்டிருப்பா." அவர் திரும்பியதும் ஹனீபா துடுப்பால் அடித்தார்.

ஓஐசி மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் துடுப்பு அதே பக்கம், ஆட்கள் அதே இடம், சொற்கள் அதே வரிசை. பதினொரு வருஷமாக அந்தக் காலைப்பொழுது அவர் கைகளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

3. களப்பின் இரண்டு கரைகள்

"சத்தம் போட்டாலே கேக்காத தூரம் தங்கச்சி. இவர் எப்படிக் கதையப் புடிச்சார்? கோட்டுல நீதவான் கேப்பாரே" என்றார் ஓஐசி.

சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது. கணவர் நின்ற கரையில் தானே நிற்பதாகச் சொன்னாள் பரீதா. அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஓஐசி ஒரு தாளில் எழுதி, மடித்து, கான்ஸ்டபிளிடம் கொடுத்து அவளோடு அனுப்பினார். அவள் அதை அங்கிருந்து சைகையில் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அலியார் காக்கா தண்ணீரைப் பார்த்து நின்றார். நான் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று, அவர் திருப்பிச் சொல்லும் கையை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காற்று கடுமையாக வீசியது. சொல்லத் தொடங்கினேன்.

"நேற்று மோட்டார் சைக்கிள் டயர் காத்துப் போயிட்டு. தள்ளிக்கொண்டு வீட்ட போனன். பிந்திப் போனதுக்கு மனிசி ஏசினா."

ஓஐசி வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு சொல்லும் தப்பல்ல."

அலியார் காக்காவின் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். "அவர் நிண்டது இந்த இடத்திலதானா? என்ட பேரச் சொல்லக்குள்ள, அவர்ர முகம் எப்படி இருந்த?"

"இது நான் எழுதல்லியே" என்றார் ஓஐசி.

"பரீதா கேக்கிறா சேர்" என்றேன்.

ஓஐசி தொப்பியைக் கழற்றினார். அலியார் காக்கா அக்கரையைப் பார்த்துப் பதில் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஓஐசியும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகச் செய்யும் வேலைதான். ஆனால் இந்த மொழி எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஹனீபா மறுக்கவில்லை. வழக்கு இப்போது கோட்டில் இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேள்வியைத் தொடங்க முன் எழும்பி நின்று நாலு பக்கமும் பாருங்கள். உங்களுக்கு யாரைத் தெரிகிறதோ, அவருக்கு உங்கள் கையும் தெரியும்.

மரணம் கொலையென விசாரிக்கப்படுவதாக ஒரு கடிதம் பரீதாவுக்கு வந்தது. அவள் அதை வாசித்து முடித்திருந்தாள். ஆனாலும் என்னைக் கூப்பிட்டு வீட்டு வளவு வாசலில் நிறுத்தினாள். "சத்தமா வாசி."

"உனக்குத்தான் விளங்கிட்டே ராத்தா?"

"எனக்கில்ல. அவங்களுக்கு." பக்கத்து வேலிகளைக் காட்டினாள்.

மெல்லிய குரலில் வாசித்தேன். அவள் கிட்ட வந்து என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். போதாது என்று தலையை ஆட்டினாள். நான் முதலிலிருந்து இன்னும் உரக்க வாசித்தேன்.