வெளுத்த சிவப்புக் கரை

முதல் உலக யுத்த வருஷங்களில் கல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தளம் எங்கள் நிவாரணக் கிடங்கு. மெசபடோமியாவில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துச் சிப்பாய்களும் ஊர்க்காரர்களும் காலராவில் விழுந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அனுப்பியவை: பாண்டேஜ், போர்வை, பார்லி, தண்ணீரைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடர். ரசாயனம் படித்தவள் என்பதால் பவுடரைச் சோதிப்பது என் பொறுப்பு.

பவுடர் கலந்த தண்ணீரில் அயோடைடும் ஸ்டார்ச் கரைசலும் விடுவோம். நீலம் வந்தால் பவுடருக்கு உயிர் உண்டு.

அன்று எந்த டின்னிலும் நீலம் வரவில்லை. மறுநாள் காலை கப்பல்.

கிடங்குப் பொறுப்பாளர் ராமசேஷய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செத்த பவுடரை அனுப்பறதுக்குச் சுண்ணாம்பு அனுப்பலாம். வெத்தலைக்காவது ஆகும். லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடு, குழந்தே."

"அடுத்த கப்பல் எப்போ மாமா?"

"மாசம் ஆகலாம்."

போர்வை மடித்துக்கொண்டிருந்த பௌதியின் கை நின்றது. வங்காளிகள் அண்ணியை அழைப்பதுபோல் நாங்கள் அவரை அப்படித்தான் அழைப்போம். அவர் கணவர் மெசபடோமியாவில், பஸ்ரா முகாமில் டாக்டர். அந்தத் தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார்.

பௌதி எழுந்தார். புடவையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்புக் கரையில் ஒரு சாண் வெள்ளையாகியிருந்தது. வங்காளத்தில் சிவப்புக் கரை சுமங்கலிக்கு. கரையில்லாத வெள்ளை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

"இன்னிக்குன்னு பாத்தா இப்படி ஆகணும்?" என்றார் வங்காளியில்.

"பௌதி, எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

சுவரோரம் காட்டினார். ஈரத் தரையில் ஒரு டின் விரிசல் விட்டு, பவுடர் கசிந்திருந்தது.

செத்த பவுடர் சாயத்தைத் தின்னாது. பவுடர் சரியென்றால் சந்தேகிக்க மீதி இருப்பவை என் இரண்டு புட்டிகள்: அயோடைடும் ஸ்டார்ச்சும். ஸ்டார்ச் புட்டியை முகர்ந்தேன். கல்கத்தாப் புழுக்கத்தில் புளித்துப்போயிருந்தது.

மாடிச் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். வடித்த கஞ்சியும் ஸ்டார்ச்தானே; ஒரு கரண்டி வாங்கி, தண்ணீர் விட்டு ஆற்றிச் சோதித்தேன். முதல் தம்ளரே மைபோல் நீலம். அடுத்ததும், அதற்கடுத்ததும்.

"தினம் கஞ்சி குடிக்கறேன், எனக்கு இந்தச் சாமர்த்தியம் வரலையே," என்றார் அய்யர்.

பௌதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என் புடவைக்கு யார் பதில் சொல்றது?"

"பஸ்ரா டாக்டர் வந்து சொல்லுவார். வேலையைப் பாருங்கோ," என்றார் அய்யர்.

பெட்டிகளில் விலாசம் எழுதச் சிவப்பு மசியும் பிரஷ்ஷும் இருந்தன. பௌதி முதல் பூச்சைத் தன் கரைக்குப் போட்டார். பிறகுதான் பெட்டிகளில் 'பஸ்ரா' என்று எழுதினார்.

சோதனைச்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீலம் வரவில்லையென்றால் முதலில் உங்கள் ஸ்டார்ச்சைச் சந்தேகியுங்கள். கஞ்சியைத் தினமும் புதிதாகக் காய்ச்சுங்கள்.