முதலில் தண்ணீர், பிறகு ஆசிட்

ஷமீம் அக்கா வந்ததும் ஊற்றலாம் என்று பேரிகை ஊரில் உள்ள எங்கள் தோட்டத்தில் ஆசிட் கேனை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். போன் வந்தது. அவர் கணவர் பஷீர் பாய். "ராத்திரி தூக்கத்துலயே மௌத்தாயிட்டாம்மா. இருதயம் நின்னுபோச்சுன்றாங்க." கேனை நிழலில் தள்ளி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

ஓசூரில் முலாம் பூசும் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆசிட் தொட்டிப் பக்கம் போனாலே முகம் வெளுத்துவிடும். 'பயந்தாங்கொள்ளி அக்கா' என்று கேலி செய்வோம். "நம்ம செக்சன்ல பயப்படாதவங்கதான் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க" என்பார்.

வேலையை விட்ட பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ப்ளூபெர்ரி நட்டோம். அந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். விட விட மண்ணின் புளிப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே மண்ணில் கந்தகத் தூளைக் கலந்தோம், பாய்ச்சும் தண்ணீரில் ஆசிட்டை அளந்து சேர்த்தோம். எதற்குப் பயந்து அக்கா கம்பெனியை விட்டாரோ அது தோட்டத்துக்கும் கூடவே வந்துவிட்டது.

தனியாக நின்று கலக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஊற்றுகிறவர் "தண்ணி இருக்கா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் தொட்டியை எட்டிப் பார்த்து "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் ஆசிட். தண்ணீரில் ஆசிட்டை மெல்ல ஊற்றலாம். ஆசிட்டில் தண்ணீர் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். "தளும்புறது தெரியுதே அக்கா" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "தெரிஞ்சாலும் வாயால சொல்லு" என்றார்.

முதல் வருடம் மண்ணில் புளிப்பு போதாமல் கொழுந்தெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. செடிகள் செத்துவிடும் என்று எனக்குத் தூக்கமே போயிற்று. கந்தகத்தை இன்னொரு மடங்கு போடலாம் என்று அள்ளப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "மண்ணுல அது வேலை செய்யவே மாசக்கணக்காகும். இன்னைக்குப் போட்டு நாளைக்குப் பாக்க அது யூரியாவா? எனக்கும் பயமாத்தான் இருக்கு சரளா. பயத்துல கை நீளக் கூடாது." என்னைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை. மாதங்கள் கழித்துத்தான் கொழுந்து பச்சையாக வந்தது.

பொங்கலுக்கு முன்னால், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முனியப்பன் ஆசையாக வேலை செய்கிறேன் என்று கலவைத் தொட்டிக்கு உள்ளேயும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். பளிச்சென்று இருந்தது. நான்கூடப் பாராட்டினேன். அக்கா பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆசிட் பட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கும், தண்ணீரின் புளிப்பும் போய்விடும். "பொங்கலுக்குப் பானை பொங்கினா போதும்ப்பா" என்று முனியப்பனிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து தானும் சுரண்டினார். எதற்கெல்லாமோ பயந்தவர் நெஞ்சு வலியை மட்டும் வாயுப் பிடிப்பு என்று ஒதுக்கிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. போனபோது, ஆசிட் சேர்க்காத தண்ணீர் பாய்ந்து கொழுந்துகள் மறுபடி மஞ்சள் காட்டியிருந்தன. முனியப்பன் கேனைத் தூக்கினார். "நானே ஊத்திடறேன்க்கா. இதுல என்ன பயம்?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. கேனை வாங்கிக் கீழே வைத்தேன். ஆசிட் கலக்கும்போது அக்கா போடும் பாதுகாப்புக் கண்ணாடி கொட்டகை ஆணியில் தொங்கியது. மாட்டிக்கொண்டேன். அவருடைய கையுறை எனக்குப் பெரிது, அதையும் போட்டுக்கொண்டேன். முனியப்பனைத் தொட்டியருகே நிறுத்தி, "தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

"கண்ணு முன்னாடிதானேக்கா இருக்கு?"

"தெரிஞ்சாலும் வாயால சொல்லு."

அவர் எட்டிப் பார்த்தார். "இருக்கு" என்றார். கை நடுங்க நடுங்க ஊற்றினேன். ஷமீம் அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்த நடுக்கம்தான். இதை நான் போகவிட மாட்டேன்.