மே மாத மதுரையில் மூடுபனி

என் கையில் மைக். எதிரே முதல் வரிசையில் ஒரு குடும்பமே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு மாலை, காமராஜர் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் நாவல் வெளியீடு. எழுதியவள் ஹேமா. சௌராஷ்டிரா குடும்பத்துப் பெண், அப்பாவுக்கு ஜவுளிக்கடை. முதல் நாவல், அதுவும் அர்பன் ஃபேன்டஸி. வைகைப் பாலத்துக்கு அடியில் தூங்கிய பூதம் விழித்துக்கொண்டு மதுரைக்குள் வருகிறது. நம்ம ஊரில் பூதம்! அதற்காகவே பேச ஒப்புக்கொண்டு, பிரதியை முன்பே ஆசை ஆசையாக வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தேன்.

படித்துவிட்டு... அப்படி ஓர் எரிச்சல்.

இந்த லட்சணத்தில், கூட்டம் தொடங்கும் முன் ஹேமாவின் அப்பா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அம்மா, நமக்குப் புஸ்தகமெல்லாம் தெரியாது. நீங்கள்லாம் சொல்றத வச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன். தேறும்னா இன்னும் ஒரு வருசம் எழுதட்டும். இல்லைன்னா நாளைக்கே பேங்க் கோச்சிங்ல சேத்துருவேன்."

ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை என் கையில் கொடுத்தால் எப்படி?

நம் ஊர்க் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேசும் முன்பே பொன்னாடை போர்த்திவிடுவார்கள். அது தோளில் விழுந்தபின் யாருக்குக் குறை சொல்ல வாய் வரும்? எனக்கு முன்னால் பேசிய இருவருக்கும் வரவில்லை. ஒருவர் "உலகத் தரம்" என்றார். இன்னொருவர் பின்னட்டையை அப்படியே ஒப்பித்துவிட்டு, "பிரமாதம், பிரமாதம்" என்று உட்கார்ந்தார். ஹேமாவின் முகம் பூரித்துப் போயிருந்தது.

என் தோளிலும் பொன்னாடை. நானும் ஒரு "பிரமாதம்" போட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் இவள் அடுத்த நாவலையும் இப்படியே எழுதுவாளே? அந்த நினைப்புதான் என்னை உசுப்பியது.

"ஹேமா, உன் கதையில் மே மாசத்து மதுரையில் ஏதும்மா மூடுபனி?" என்று ஆரம்பித்தேன்.

நிறுத்த முடியவில்லை. "டவுன்ஹால் ரோட்டில் பூதம் வந்து நிற்கிறது. எல்லாரும் ஒரே குரலில் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். நம்ம ஆட்கள் ஓடுவார்களா? முதலில் கூட்டம் கூடும். நாலு பேர் வீடியோ எடுப்பார்கள். 'அண்ணே, ஓரமா நில்லுங்க, பஸ்ஸு போகட்டும்' என்று ஒருத்தர் அதட்டுவார். இத்தனை பக்கத்தில் ஒரு பரோட்டா கடைகூட இல்லை. இது மதுரையே இல்லை. ஏதோ இங்கிலீஷ் படத்து ஊருக்கு மதுரை என்று போர்டு மாட்டியிருக்கிறாய்..."

முதல் வரிசையில் அவர்கள் வீட்டு மொழியில் கிசுகிசுப்பு. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கோபம் மட்டும் நன்றாகவே புரிந்தது. ஹேமா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஓர் இடம்," என்றேன். "பூதம் ஒளிந்துகொள்ள ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைகிறது. கடைக்காரர் பயப்படவில்லை. 'மொதல்ல செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க' என்கிறார். அந்த ரெண்டு பக்கம் போதும், இந்தப் பொண்ணுக்கு எழுத வரும் என்பதற்கு. மிச்சத்தை அவள் நம்ம ஊரைப் பார்க்காமலே எழுதிவிட்டாள்."

யாரும் கைதட்டவில்லை. பாவி, ஒரு பெண்ணை கோச்சிங் கிளாஸுக்கு அனுப்பிவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினேன். பின்னாலேயே அப்பா வந்துவிட்டார்.

"ஓடிராதீங்கம்மா."

நின்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"கடையில ஒக்காந்தே எனக்கு முடி நரைச்சிருச்சு. 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ங்கிற ஆளு எந்திரிச்சுப் போயிருவாரு. பார்டர் சரியில்ல, முந்தி சின்னதுன்னு நோண்டுறவங்கதான் சேலைய வாங்குவாங்க. மொதல்ல பேசுனவுக ரெண்டு பேரும் புஸ்தகத்தப் பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க இம்புட்டு நோண்டியிருக்கீங்கன்னா, சரக்குல ஏதோ இருக்கு."

"அப்ப... கோச்சிங்?"

"அது கெடக்கும்மா. எழுதட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாம் புத்தகத்தைப் படிக்காமலேயே பாராட்டிப் பாராட்டி எத்தனை பேரை எழுதவிடாமல் செய்திருக்கிறோமோ, யார் கண்டது?

ஹேமா என்னோடு இன்னும் பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு தடவை அவள் அம்மாதான் போனை எடுத்துச் சொன்னார் — உங்கமேல இருக்கிற கோவத்துல ராப்பகலா எழுதிக்கிட்டிருக்கா!