காரமடை மருந்துக்கார அக்காவின் முதல் போணி

காரமடைப் பக்கம் நாட்டு மருந்து வாங்கப் போவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் முதலில் போனது 1996 ஐப்பசியில். என் மனைவி கலாவதிக்கு மூன்று வாரமாகக் குமட்டல். சோற்று வாசனையே ஆகவில்லை. பித்தம் என்று நாங்களே முடிவுகட்டினோம். கல்யாணமாகி எட்டு வருடம். வேறு காரணத்தை நினைத்துப் பார்க்கும் தைரியம் இருவருக்குமே போயிருந்தது.

காந்திபுரத்தில் காலை ஏழேகாலுக்கு மேட்டுப்பாளையம் பஸ். காரமடைக்குச் சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு ஆறு ரூபாய். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தாள். காரமடையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. (வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.)

மருந்து விற்கும் ருக்குமணியக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே அவர் கணவர் வேர் இடித்துக்கொண்டிருந்தார். பித்தத்துக்கு ஒரு மண்டலச் சூரணம் இருநூற்று நாற்பது ரூபாய். பணத்தை எடுத்து நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை. கலாவதியின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். நாடி பிடித்தார். குரலைத் தாழ்த்தி, “அம்மணி, தூரமாகி எத்தனை நாளாச்சு?” என்றார்.

“ரெண்டு மாசம் இருக்குங்க. எனக்கு எப்பவுமே தள்ளித்தான் போகுமுங்க.”

“அப்ப இந்த மருந்து வேண்டாம் கண்ணு. வயித்துல ஒண்ணு இருந்துதுன்னா கலைச்சுபோடும். ஆஸ்பத்திரில சோதிச்சுப் பாத்துபோட்டு வாங்க.”

“காலைல இருந்து போணியே ஆகலியே புள்ள,” என்றார் கணவர் உள்ளிருந்து.

“ஆகாட்டிப் போகுதுங்க.”

இருபது ரூபாயாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அக்கா சிரித்தார். “மருந்து வித்தாத்தானுங்க காசு. கையப் புடிச்சுப் பாத்ததுக்கு யாருங்க குடுக்கறாங்க?”

கலாவதிதான் அலமாரியைக் காட்டி ஒரு பாட்டில் தலை எண்ணெய் கேட்டாள். இருபத்தைந்து ரூபாய். முதல் போணி என்று நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அக்கா, “தலைக்கு மட்டுந்தானுங்க, உள்ளுக்கு ஆகாது,” என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் கலாவதி என் கையை விடவேயில்லை. “ஏனுங்க, இருக்குமுங்களா?” என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில், இருக்கிறது என்றார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். எதுவும் கேட்காமல் பொட்டலம் கட்டுகிற இடமென்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

வைகாசியில் மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு போனோம். அன்று கடையில் நல்ல கூட்டம். ருக்குமணியக்கா தராசை அப்படியே வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குழந்தைக்காக நீட்டினார்.