கழுத்தளவு தண்ணீர்

மேடையில் நாற்பத்திரண்டு வாத்தியக்காரர்கள். இரண்டு முறை எண்ணிவிட்டேன். தமிழ்நாட்டிலேயே எடுத்த பழைய ஊமைப் படம் ஒன்றுக்கு அவர்கள் நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு, சென்னையில் மகன் என்னை அழைத்துப்போயிருந்தான். ஆற்று வெள்ளத்தில் கழுத்தளவு நிற்கும் பெண் திரையில் வந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டேன்.

ஐம்பதுகளில், ஒன்பது வயதில், இதே படத்தைக் குற்றாலத்தில் பார்த்தேன். சாரல் காலத்துக் கொட்டகை; பேசும் படம் வந்து வெகுநாளான பிறகும் அங்கே பழைய ஊமைப் படங்களை ஓட்டினார்கள். தகரக் கூரையில் தூறல், உட்கார ஈர மணல். திரைக்குக் கீழே ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா. தென்காசியிலிருந்து ஐந்து பேர் போயிருந்தோம். காய்ச்சலில் காது போன அத்தை என் பக்கத்தில் இருந்தாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

'நாதா, காத்திருப்பேன்' என்று திரையில் எழுத்து வந்தது. அத்தை என் கையை இறுக்கினாள்.

"ஏலே, அவ அப்படிச் சொல்லல. 'அம்மா, காலு எட்டல, தூக்குங்க'ன்னு சொல்லுதா. மூணு தடவ சொல்லிட்டா."

அவள் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தார். "ஊமைப் படத்தச் செவிடி கேட்டுட்டாளாக்கும்."

கொட்டகையே சிரித்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு படத்தில் வரவில்லை. கடைசிக் காட்சிவரை அத்தை அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சென்னையில் நானும் அந்த உதடுகள் அசைந்ததை எண்ணினேன். மூன்று முறைதான். நாற்பத்திரண்டு பேரும் வாசிப்பின் சத்தத்தை உயர்த்தினார்கள்.

"சத்தத்தக் குறைக்கச் சொல்லுலே," என்றேன் மகனிடம். "அந்தப் பிள்ள கூப்பிடுதா."

"நேர்ல வாசிக்காங்கப்பா. எப்படிக் குறைக்க?"

அவள் தலை நீருக்குள் போனது. அரங்கம் கைதட்டியது.